நூறு மில்லிக்கு ஒரு மில்லி

20 ஜனவரி, திங்கள்

இந்த நோட்டை வகுப்பில் கொடுத்தார்கள். அன்றன்றைக்குச் செய்ததை வீட்டுக்குப் போய் எழுத வேண்டுமாம். எழுதினால் மறக்காது என்றாள் மிருதுளா டீச்சர். எனக்கு மறக்கும் வியாதி கிடையாது. ஐந்தாம் வகுப்பில் என்னோடு படித்த முப்பத்திரண்டு பேரின் பெயரையும் வரிசை மாறாமல் சொல்வேன். ஐந்தோடு நிறுத்திவிட்டதால் எழுத்துதான் சிக்கும். இருந்தாலும் கொடுத்த நோட்டை வெறுமனே வைத்திருக்க மனம் வரவில்லை.

கோவை கணபதியில் பெண்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்றின் மாடியில் வகுப்பு. கம்ப்யூட்டரில் சாமான்களை வடிவமைக்கச் சொல்லித் தருகிறார்கள். ஏழு வாரம். திரையில் முதலில் நான்கு கட்டை வரும்: பெட்டி, குழாய், கூம்பு, உருண்டை. அவற்றை இழுத்து, வெட்டி, ஒட்டி வேண்டிய சாமானாக மாற்ற வேண்டும். இன்றைக்குப் பெட்டியை நீட்டினேன், சப்பையாக்கினேன். அவ்வளவுதான்.

இதில் தேறுகிறவர்களில் நான்கு பேருக்கு அடுத்து ஆறு மாத வகுப்பு உண்டு. அதில் பட்டறைகளுக்கே வரைந்து கொடுக்கலாம். அந்த இடம் எனக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் ஓசூர். அங்கே என் மகள் பூங்கோதை ஏப்ரலில் மறுபடி ஆபீஸ் போகிறாள், கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். இங்கே என் மகன் திருமூர்த்தியின் இரண்டு பிள்ளைகளையும் நான்தான் தூக்கி வளர்த்தேன். இப்போது இருவரும் பெரிய பள்ளிக்கூடம். “இங்க இனி உனக்கு என்ன வேலை இருக்குதும்மா?” என்றான் தீபாவளி அன்று, பலகாரத்தை வாயில் வைத்துக்கொண்டே. அதையும் மறக்க மாட்டேன். பிறகு அவனே, “அந்த ஆறு மாச கிளாஸ் கெடச்சா இரு, இல்லாட்டி போ” என்று சொல்லியிருக்கிறான்.

22 ஜனவரி, புதன்

ஒரு கம்ப்யூட்டருக்கு இருவர். என் பக்கத்து நாற்காலி இரண்டு நாளாகக் காலியாக இருந்தது. இன்றைக்குத் தாமதமாக ஒருத்தி மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். பாவாத்தாள்.

பவுண்டரியில் நானும் அவளும் ஒரே மேஜையில் ஐந்து வருஷம் வேலை செய்தோம். கோர் செய்கிற வேலை, அதாவது இரும்பு வார்க்கும் அச்சுக்குள் வைக்க மணலில் உருவம் செய்வது. 1991 ஆகஸ்ட் பதினான்காம் தேதி, புதன்கிழமை, என் கோர் பெட்டியின் வாய் விரிந்துபோயிற்று. அது அலுமினியப் பெட்டி. உள்ளே மணலை அடைத்து, தட்டித் திறந்து, உருவத்தை எடுப்போம். மேஸ்திரி வந்து யார் செய்தது என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள், “நாச்சம்மா கை தவறிக் கீழ போட்டுட்டாளுங்” என்றாள். பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலை கட்டியிருந்தாள். பதினொரு நாள் என்னை வெளியே நிறுத்தினார்கள். மறுநாள் சுதந்திர தினம், எல்லோருக்கும் லட்டு. எனக்கு இல்லை.

என் கையிலிருந்து ஒரு சாமான் தவறி விழுந்ததாக இந்த உலகத்தில் எவரும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டியும் விழவில்லை.

அதற்குப் பிறகு அதே பவுண்டரியில் இருபத்தொரு வருஷம் வேறு மேஜையில் இருந்தேன். இன்றோடு பேச்சை நிறுத்தி முப்பத்து மூன்று வருஷம், ஐந்து மாதம், எட்டு நாள்.

நாற்காலியை மாற்றித் தரச் சொன்னேன். வேறு நாற்காலி இல்லையாம்.

24 ஜனவரி, வெள்ளி

குழாயிலிருந்து டம்ளர் செய்வது. பெரிய குழாய்க்குள் சின்னக் குழாயை வைத்து, சின்னதைக் ‘கழி’ என்றால் அது மறைந்து, அதன் இடம் பள்ளமாகிவிடுகிறது. பெண்பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஒருத்தி, “இல்லாத ஒண்ண எப்படிங்க டீச்சர் வைக்கறது?” என்று கேட்டாள்.

“அது கோருங்க” என்றேன்.

டீச்சருக்குத் தெரியவில்லை. சொன்னேன். பம்புக்குள்ளே தண்ணீர் ஓட வழி வேண்டும். அந்த வழியின் உருவத்தை மணலில் செய்து அச்சுக்குள் வைப்போம். உருக்கிய இரும்பு அதைச் சுற்றி நிற்கும். ஆறின பிறகு மணலைத் தட்டிக் கொட்டினால் வழி மட்டும் மிஞ்சும்.

“இருபத்தாறு வருஷமா நாங்க கழிச்சுட்டேதான் இருந்தோமுங்க” என்றாள் பக்கத்திலிருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். சொல்லிக்கொண்டிருந்தது நான். சிரிப்பை வாங்கிக்கொண்டது அவள்.

29 ஜனவரி, புதன்

உருண்டையைப் பாதியாக வெட்டிக் கிண்ணம். ரேஷன் கடையில் கூட்டம், பருப்பு இல்லை.

3 பிப்ரவரி, திங்கள்

இன்றைக்கு ஐந்தாவதாக ஒரு கட்டை வந்தது. வளையம். டீச்சர் அதற்கு ஏதோ பெயர் சொன்னாள், பின்வரிசைப் பெண், “உளுந்து வடைங்க டீச்சர்” என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வடையைக் குழாயின் பக்கவாட்டில் பாதி புதைத்தால் டம்ளர், பிடி வைத்த கோப்பையாகிறது.

சாமானைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே மவுஸை நகர்த்த வேண்டும். மவுஸ் என்னிடம். பொத்தான் பலகை அவள் பக்கம் நகர்ந்துவிட்டது.

“டீச்சர், இவிய மவுஸை வீட்டுக்கே கொண்டுபோயிருவாங்களாட்ட இருக்குது. சித்தே குடுக்கச் சொல்லுங்.”

“டீச்சர், அவியளுக்குப் பொத்தானே போதுமுன்னு சொல்லுங்.”

“பக்கத்துல பக்கத்துல உக்காந்துட்டு எங்கிட்ட எதுக்குங்கம்மா சொல்றீங்க?” என்றாள் டீச்சர்.

கடைசியில் அவள் அமுக்க, நான் நகர்த்தினேன். எப்போது அமுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது. கோர் பெட்டியை அவள் பிடிக்க நான் தட்டுவேன், அந்தக் கைப்பழக்கம். வகுப்பிலேயே எங்கள் கோப்பைதான் முதலில் முடிந்தது. இதில் எழுத ஒன்றுமில்லை.

10 பிப்ரவரி, திங்கள்

கடைசிச் சாமான் என்ன என்று ஒவ்வொரு ஜோடியும் சொல்ல வேண்டும். வெறும் அழகுக்கு இருக்கக் கூடாது, இருக்கிற ஒரு சாமானோடு கச்சிதமாகப் பொருந்த வேண்டும். பிளாஸ்டிக் நூலை உருக்கி, அடுக்கடுக்காக ஊற்றி உருவம் செய்யும் இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே ஜோடிக்கு ஒரே தடவை. கரண்டு போனாலோ, தெரியாமல் ஏதாவது பட்டுக் கெட்டாலோ மறுபடி ஒருமுறை உண்டு. அளவு தப்பினால் இல்லை.

வராந்தாவில் எவர்சில்வர் தண்ணீர் டிரம் இருக்கிறது. மூடி தொலைந்து எத்தனை காலமோ. ஒரு தட்டைப் போட்டு மூடி, அதன் மேல் டம்ளரைக் கவிழ்க்கிறார்கள். தட்டு தினமும் வழுக்கி விழுகிறது. நான் டீச்சரிடம் சொன்னேன்: “டிரம்முக்கு மூடி. மேல டம்ளர் உக்கார ஒரு குழி.”

“குழியில தண்ணி தேங்கி நாறுமுன்னு சொல்லுங் டீச்சர்” என்றாள் அவள். “குழிக்கு நடுவுல ஒரு சப்பைக் கூம்ப வெச்சு ஒட்டுனா ஓரம் பாத்துச் சரிவு வரும். ஓரத்துல ஒரு கீத்து. தண்ணி வடிஞ்சுரும்.”

யோசனை மோசமில்லை. எனக்கும் தோன்றியிருக்கும், அவள் முந்திக்கொண்டாள்.

13 பிப்ரவரி, வியாழன்

பூங்கோதை போன் செய்தாள். தொட்டில் வாங்கிவிட்டாளாம். எந்த அறையில் எனக்குக் கட்டில் போடலாம் என்று கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். “அண்ணன் முடிவாயிருச்சுன்னு சொன்னானே?” என்றாள். மருமகள் சுகந்தி அடுப்படியில் பாத்திரத்தை மெதுவாகத் தேய்த்தாள், எங்கள் பேச்சு காதில் விழ.

மூடிக்கு உருவம் வந்துவிட்டது. சப்பைக் குழாய் ஒன்று, அதன் அடியில் டிரம் வாய்க்குள் இறங்குகிற கழுத்து. விளிம்பை உருட்டினோம், கையில் குத்தாது.

19 பிப்ரவரி, புதன்

மதியம் கரண்டு போய்விட்டது. எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் டப்பாவில் தக்காளிச் சாதம். பாவாத்தாள் ஒரு படி கீழே உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. திடீரென்று திரும்பாமலே பேசினாள். டீச்சர் வழியாக இல்லை, நேராக.

“இரும்புச் சுத்தில அடிச்சயில்ல அன்னிக்கு?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“கோர் பெட்டியக் கட்டைச் சுத்திலதான் தட்டோணும். நீ எண்ணிக்கை சேரோணுமுன்னு இரும்புல போட்ட. எனக்குத் தெரியாதா? பக்கத்துல நின்னவ நானு. அதுக்கு முந்தின மாசந்தான் இரும்பு புடிச்சான்னு மயிலாத்தாள வேலைய உட்டே துரத்துனாங்க.”

“எனக்கு ஞாவகம் இருக்குது” என்றேன். இதுதான் முப்பத்து மூன்று வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை. வேறு நல்லதாகச் சொல்லியிருக்கலாம்.

“கை தவறிப் போட்டான்னா பத்துப் பதினஞ்சு நாள் நிறுத்துவாங்க. அடிச்சு விரிச்சான்னா ஒரேயடியா வீட்டுக்கு. ரெண்டுல எது தேவலை? உன்ற சுத்தியல என்ற மணலுக்குள்ள பொதச்சு வெச்சுட்டு, மேஸ்திரி போற வரைக்கும் அதும்மேலயே கைய வெச்சு நின்னேன்.”

“அத அன்னிக்கே சொல்லறதுக்கென்ன?”

“நீ பேசுனாத்தான புள்ள சொல்றதுக்கு.”

கரண்டு வந்தது. மேலே போனோம்.

20 பிப்ரவரி, வியாழன்

கம்பு புடைத்தேன். நிறையக் கல்.

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லச் சொன்னேன்.

24 பிப்ரவரி, திங்கள்

அவள் சுத்தியலை மறைத்தது உண்மையாகவே இருக்கட்டும். அதற்காக என் கையைக் குறை சொல்லியிருக்க வேண்டுமா? பெட்டி பழசு, தானாக விரிந்தது என்று சொல்லியிருக்கலாமே. ஐந்து நாளாக யோசித்ததில் இதுதான் எனக்குத் தோன்றுகிறது.

டிரம்மின் வாயை அளந்தோம். நான் அளவுகோலைப் பிடிக்க அவள் படித்தாள், பிறகு அவள் பிடிக்க நான் படித்தேன். நூற்று அறுபத்திரண்டு மில்லிமீட்டர். கழுத்து நூற்று அறுபத்தொன்று இருந்தால் போதும், தொளதொளக்காது, இறுகாது என்றாள் டீச்சர். அப்படியே போட்டோம். நாளைக்கு இன்னொரு தக்காளிச் சாதம் கட்ட வேண்டும், அவளுடைய டப்பாவில் வெறும் தயிர்ச் சோறுதான் இருந்தது. மிஞ்சுகிற சோறு, வீணாகப் போகக் கூடாது.

4 மார்ச், செவ்வாய்

பாவாத்தாள் வரவில்லை. அவளுடைய அண்ணன் மகள் கல்யாணம், வெள்ளகோவிலில்.

நாளைக்கு எங்கள் முறை. மூடியைக் கடைசியாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பொத்தானையும் நானே அமுக்கினேன், இடது கையால். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. உருக்கித்தானே ஊற்றப்போகிறார்கள்? உருகினது எதுவானாலும் ஆறினால் சுருங்கும். இரும்பு நூறு மில்லிக்கு ஒரு மில்லி சுருங்கும். அதனால்தான் பவுண்டரியில் மர அச்சை அந்த அளவு பெரிதாகவே செய்வார்கள். அச்சுக்கடைக்காரர் வைத்திருந்த அளவுகோலே நூற்றுக்கு ஒன்று நீளமானது. டீச்சர் சின்னப் பெண், மணலும் நெருப்பும் பார்க்காதவள். சுருக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளும் இருபத்தாறு வருஷம் அங்கே நின்றவள், இவளுக்கும் தோன்றவில்லை.

மாலை நாலு நாற்பதுக்கு எல்லாவற்றையும் நூற்றுக்கு ஒன்று கூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. பொருந்தின பிறகு சொல்லிக்கொள்ளலாம். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

6 மார்ச், வியாழன்

பொருந்தவில்லை.

நேற்று முழுக்க இயந்திரம் பின்னியது. இன்று காலை டீச்சர் மூடியைக் கையில் கொடுத்தாள். வெள்ளை. டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தோம், குழியில் உட்கார்ந்தது, தண்ணீர் கீற்றின் வழியாக வடிந்தது. எல்லோரும் வராந்தாவுக்கு வந்தார்கள். டிரம்மின் வாயில் வைத்தேன். கழுத்து இறங்கவில்லை. அமுக்கினேன். திருப்பி வைத்து அமுக்கினேன். மேலே சும்மா உட்கார்ந்திருந்தது, பழைய தட்டைப் போலவே.

“நூத்தி அறுவத்தொண்ணுதானுங்களே போட்டோம்?” என்றாள் பாவாத்தாள். கல்யாண மருதாணி இன்னும் கையில் சிவந்திருந்தது.

டீச்சர் அளந்தாள். நூற்று அறுபத்திரண்டரையைத் தாண்டி இருந்தது. “இது எப்படிங்க கூடும்?” என்று உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நாம் செய்கிறது ஒவ்வொன்றையும் அது நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்கிறது, என்னைப் போல. செவ்வாய், நாலு நாற்பது, நூற்றுக்கு ஒன்று.

டீச்சர் என்னைப் பார்த்தாள். “இது தெரியாமப் பட்டதாங்கம்மா? அப்படின்னா இன்னொரு தடவை போட்டுக்கலாம். விதி இருக்குது.”

நான் வாயைத் திறப்பதற்குள் பாவாத்தாள் என் முன்னால் வந்து நின்றாள். “தெரியாமத்தானுங் டீச்சர். நாச்சி கை தவறி...”

“இவ வாய மூடச் சொல்லுங் டீச்சர்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“எங்கை தவறலீங். தெரிஞ்சேதான் கூட்டுனேன். ஆறுனாச் சுருங்குமுன்னு கூட்டுனேன். இவ அன்னிக்கு ஊர்லயே இல்லீங், வருகைப் பதிவப் பாருங். இவளுக்கு இதுல பங்கில்லை.”

டீச்சர் மூடியைக் கையில் வாங்கினாள். பிறகு, “இந்தப் பிளாஸ்டிக் அவ்வளவு சுருங்காதுங்கம்மா. நீங்க கேட்டிருக்கலாம்” என்று மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

படியிறங்கும்போது பாவாத்தாள் பின்னாலேயே வந்தாள். “வீம்பு புடிச்சவளே. ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் இருந்திருக்கலாம்.”

“முடிஞ்சிருக்கும். பொறவு நீ மறுபடியும் எனக்காகப் பொய் சொன்னவளா ஆயிருப்ப. ஒண்ணுக்கே எனக்கு முப்பத்து மூணு வருசம் ஆயிருக்குது.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

7 மார்ச், வெள்ளி

முடிவு சொன்னார்கள். செவ்வாய்க்கு முந்தின அளவு சரியாக இருந்ததாம். அதை டீச்சரே மறுபடி இயந்திரத்தில் போட்டுப் பார்க்கப்போகிறாள். பாவாத்தாளுக்கு ஆறு மாத வகுப்பில் இடம். எனக்கு இல்லை. ஜூனில் வேறு ஏழு வார வகுப்பு தொடங்குகிறது, முதலிலிருந்து வரலாம் என்றாள் டீச்சர். பெயரை எழுதிக்கொண்டாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

பாவாத்தாள் தனக்கும் வேண்டாமென்று சொல்லப்போனாள். “சொன்னயின்னா இன்னொரு முப்பத்து மூணு வருசம் பேச மாட்டேன்” என்றேன். எங்களுக்கு அவ்வளவு ஆயுசு இல்லை. ஆனாலும் பயந்துவிட்டாள்.

9 மார்ச், ஞாயிறு

கறிக்குழம்பு. எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்தேன். திருமூர்த்தியிடம் சொன்னேன், தேறவில்லை, ஓசூருக்குப் போகிறேன் என்று. அவனுக்கு முகம் லேசானது, அதை மறைக்கத் தண்ணீர் குடித்தான்.

“ஆனா ஆனி பொறக்கற வரைக்குந்தான்” என்றேன். “ஆனில கிளாஸ். மறுபடி மொதல்லருந்து. அதுக்குள்ள உன்ற தங்கச்சி வேற ஆளப் பாத்துக்கட்டும். இத நாங் கேக்கல, சொல்றேன்.”

“இந்த வயசுல மறுபடி ஒண்ணாங் கிளாஸாம்மா?”

“உன்ற புள்ளைங்க ரெண்டையும் ஒண்ணாங் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போனது நாந்தான். எனக்கு வழி தெரியும்.”

சுகந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அத்தை சொல்றது சரிதானுங்க” என்றாள் அவனிடம். கல்யாணமாகி வந்த பதினாறு வருஷத்தில் என் பக்கம் பேசியது இதுவே முதல்முறை. இதையும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

30 மார்ச், ஞாயிறு. ஓசூர்

கட்டில் ஜன்னலோரம். பிள்ளைக்கு ஐந்து மாதம். என் மூக்கைப் பிடித்து இழுக்கிறாள். பிடி நல்ல பிடி.

22 ஏப்ரல், செவ்வாய்

மாப்பிள்ளையின் பழைய கம்ப்யூட்டரில் அதே நான்கு கட்டையும் வருகிறது, காசு கேட்காமல். பிள்ளை விழித்திருக்கும்போது மடியில் வைத்துக்கொண்டு உருண்டையைத் திருப்பிக் காட்டினால் அழுகை நின்றுவிடுகிறது. பொத்தானை அமுக்க ஆளில்லை. பிள்ளையின் குதிகாலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

இன்றைக்குப் பாவாத்தாள் போனில் முகம் காட்டிப் பேசினாள். பின்னால் வகுப்பு. போனைத் திருப்பித் திரையைக் காட்டினாள். ஒரு பட்டறைக்கு வால்வு உடம்பு. உள்ளே வழி நத்தைக்கூடு போல வளைந்து போகிறது. அவள் குழாயைத் துண்டு துண்டாக வைத்துக் கழித்ததில் மூட்டுக்கு மூட்டு படி படியாக நிற்கிறது.

“அட, கழிக்கறத விடு புள்ள. மொதல்ல அந்த வழிய மட்டும் தனியா, முழுசா செஞ்சு வை. கோரு செய்யற மாதிரி. அப்பறமா மொத்தமாக் கழி.”

“அதான் வளைவு வர மாட்டீங்குது.”

“வடையக் கால்வாசியா வெட்டி வளைவுக்கு வை.”

அந்தப் பக்கம் யாரோ பெண்பிள்ளை, “யாருங்க பாட்டி போன்ல?” என்று கேட்டாள். “எங்கூட வேலை செஞ்சவ” என்றாள் பாவாத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “உன்ற சேர்ல ஒரு காலேஜ் புள்ளைய உக்கார வெச்சிருக்குறாங்க. நான் அமுக்கறதுக்கு முந்தியே நகர்த்தறா. ஒண்ணும் ஒத்து வர மாட்டீங்குது. நாளைக்கும் கூப்புடட்டா?” என்றாள்.

பிள்ளை காலை பத்தரைக்குத்தான் தூங்கும், அதற்கு முன்னால் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒருத்தருக்கு இடம் கொடுத்தால் அளவோடு கொடுக்க வேண்டும்.

23 ஏப்ரல், புதன்

காலை மணி ஒன்பது ஐம்பது. பிள்ளையைச் சீக்கிரமே தூங்க வைத்துவிட்டேன். போன் பக்கத்தில் இருக்கிறது. சத்தம் வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன், வருகிறது.